குமிங்கா வாரியர்ஸ்ல இருப்பானா, போவானா? பசங்க திருப்பித் திருப்பிக் கேக்கற கேள்விங்களும் என் பதிலும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு ஸ்கூல் கோர்ட்ல காலைல பசங்களுக்கு பேஸ்கட்பால் சொல்லித் தர்றேன். பாலக்காட்டு ஜில்லாதான், ஆனா சித்தூர் தாலுக்காவுல நெறைய எடம் வீட்டுக்குள்ள தமிழ், ஆபீஸ்ல மலையாளம்னு ஓடற ஊரு. பசங்க என்னைய அண்ணான்னும் கூப்பிடுவாங்க, மாஷேன்னும் கூப்பிடுவாங்க. எங்க வாட்ஸப் குரூப்புல மே மாசத்துல இருந்து ஒரே பேச்சுதான், அமெரிக்காவுல என்பிஏ பேஸ்கட்பால் லீக்ல ஆடற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் டீமோட ஜோனத்தன் குமிங்கா. தினமும் ஒருத்தன் அதே கேள்விய புதுசா கேக்கறான், நானும் வாய்ஸ் மெசேஜ்லயே பதில் சொல்லிச் சொல்லி தொண்டை போயிருச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். இது 2025 செப்டம்பர் மூணாவது வாரத்து நிலவரம், இன்னும் அவன் எங்கயும் கையெழுத்துப் போடல.

குமிங்கா யாருங்ணா? நாங்க வாரியர்ஸ்ல ஸ்டீஃபன் கரி ஆடறத மட்டும்தான் பாப்போம்.

ஆப்பிரிக்காவுல காங்கோ நாட்டுல கோமான்னு ஒரு ஊரு, அங்க 2002 அக்டோபர் 6ஆம் தேதி பொறந்தவன். 2016ல, பதிமூணு வயசுல அமெரிக்கா போயிட்டான், அங்கயே ஸ்கூல்ல ஆடி, காலேஜுக்குப் போகாம என்பிஏவுக்குக் கீழ இருக்கற ஜி லீக்ல இக்னைட்னு இருந்த டீம்ல ஒரு வருஷம் ஆடுனான். 2021 டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க வரிசையா புதுப் பசங்கள எடுக்கற நாள்ல, வாரியர்ஸ் ஏழாவது பிக்ல எடுத்தாங்க. அந்த ஏழாவது பிக் அவங்க சொந்த பிக் இல்ல, 2020ல டி'ஆஞ்சலோ ரஸ்ஸல மினசோட்டா டீமுக்குக் குடுத்து ஆண்ட்ரூ விக்கின்ஸ வாங்குனாங்கல்ல, அந்த ட்ரேட்ல வந்தது. மினசோட்டா பேர ஞாபகம் வச்சுக்கங்க, கீழ திரும்ப வரும்.

மொத வருஷமே, 2022ல, சாம்பியன்ஷிப் மோதிரம் வாங்கிட்டான், 19 வயசுல. ஆறடி ஏழு அங்குலம், ஓட்டம் வேகம், குதிச்சான்னா ரிம்முக்கு மேல கை போகும்.

அவ்ளோ நல்லா ஆடறவன ஏன் பெஞ்சுலயே உக்கார வைக்கறாங்க?

எல்லாரும் கேக்கறது இதுதான், அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும்.

மொதல்ல ஒண்ணு, அவன் ஒரேயடியா பெஞ்சுல இல்ல. 2023-24 சீசன்ல மேட்சுக்கு 26 நிமிஷம் ஆடி 16 பாயின்ட் எடுத்தான், 2024-25லயும் 24 நிமிஷம், 15 பாயின்ட் வந்துச்சு. டிசம்பர்ல பீனிக்ஸ் கூட 34 பாயின்ட் அடிச்சான், அதுதான் அவனோட பெஸ்ட். சரியா அந்த நேரத்துல, ஜனவரி 4ஆம் தேதி மெம்ஃபிஸ் கூட ஆடறப்ப வலது கணுக்கால் மடங்கிருச்சு. 31 மேட்ச் போச்சு.

அவன் கால்ல கட்டுப் போட்டுட்டு உக்காந்திருந்த அந்த ரெண்டு மாசத்துலதான் டீமே மாறிப்போச்சு. பிப்ரவரில ஜிம்மி பட்லர மயாமில இருந்து கூட்டிட்டு வந்தாங்க, பட்லர் ஆடுன 30 மேட்ச்ல 23 ஜெயிச்சாங்க. மார்ச்ல குமிங்கா திரும்பி வந்து பாத்தா அவன் நிக்கற எடத்துல பட்லர் நிக்கறாரு, அவன் பந்த வாங்கற எடத்துல பட்லர் வாங்கறாரு. ஓடற வண்டில எவன் எஞ்சின மாத்துவான், கோச்சும் மாத்தல.

அப்பறம்தான் மனசு கஷ்டப்படற மாதிரி நடந்துச்சு. ஏப்ரல் 13, ரெகுலர் சீசனோட கடைசி மேட்ச், கிளிப்பர்ஸ் கூட, ஒரு நிமிஷம் கூட எறக்கல. அடுத்து மெம்ஃபிஸ் கூட ப்ளே-இன் மேட்ச், அதாவது பிளேஆஃப்ங்கற நாக்அவுட் சுத்துக்குள்ள போறதுக்கான மேட்ச், அதுலயும் இல்ல. பிளேஆஃப்ல ஹூஸ்டன் சீரிஸ் மொத மேட்ச், அதுலயும் இல்ல. காயம் இல்ல, சண்டை இல்ல, சும்மா கோச் முடிவு. முழுசா ட்ரெஸ் பண்ணி, வார்ம்அப் பண்ணி, மேல் சட்டையக் கழட்டாமயே வீட்டுக்குப் போறது எப்படி இருக்கும்னு உக்காந்தவனுக்குத்தான் தெரியும்.

ஸ்பேசிங், ஸ்பேசிங்னு சொல்றாங்களே, அது என்னதுங்ணா?

போன வாரம் கோர்ட்ல செஞ்சு காட்டுனேன், வராதவங்களுக்காக இங்கயும் எழுதறேன். அஞ்சு பேர நிக்க வச்சேன். த்ரீ, அதாவது தூரத்துல இருந்து போடற மூணு பாயின்ட் ஷாட், நல்லாப் போடற ரெண்டு பேர கார்னர்ல நிறுத்துனா அவங்களக் காக்கறவனும் கூடவே கார்னருக்குப் போயிட்டான், ஏன்னா விட்டா போட்டுருவாங்க. உடனே நடுவுல ரிங்குக்கு அடில ரோடு மாதிரி தெறந்து கெடந்துச்சு. அப்பறம் அந்த ரெண்டு பேர எடுத்துட்டு த்ரீ போடத் தெரியாத ரெண்டு பேர அதே கார்னர்ல நிறுத்துனேன். காக்கற பசங்க ஒரு நொடி பாத்தாங்க, யாரும் சொல்லித் தராமயே ரெண்டு மூணு அடி உள்ள தள்ளி வந்து ரிங்குக்கு அடில நின்னுட்டாங்க, டிரைவ் போனவன் சுவத்துல முட்டுன மாதிரி பந்தக் கையில வச்சுட்டு முழிச்சான். எட்டாங்கிளாஸ் பையனுக்கே தானா வர்ற புத்தி, என்பிஏல வராதா?

குமிங்கா 2024-25ல த்ரீ நூறு போட்டா முப்பது பக்கம்தான் உள்ள போச்சு. வாரியர்ஸோட டிரேமண்ட் கிரீனும் பட்லரும் கூட வெளிய விட்டாலும் பயப்பட வேண்டாத ஆளுங்கதான். இந்த மூணு பேரயும் ஒண்ணா எறக்குனா கரிய ரெண்டு பேரு சேந்து புடிச்சுக்குவாங்க, மத்தவங்க உள்ள அடைச்சுக்குவாங்க. டிரேமண்ட் டிஃபென்ஸுக்கு வேணும், பட்லர் ஜெயிக்கறதுக்கு வேணும், மிச்சம் யாரு வெளிய உக்காருவா? இதுல குமிங்கா மேல தப்பு ஒண்ணும் இல்ல, கூட நிக்கற ஆளுங்களோட சேத்துப் பாத்தா கணக்கு ஒத்துவரல, அவ்ளோதான்.

மினசோட்டா சீரிஸ்ல 30 அடிச்சானே, அப்பவாச்சும் கோச்சுக்குப் புரியலயா?

அந்த மேட்ச்சு எனக்கு மறக்காது. மே 10, நமக்கு ஞாயித்துக்கிழமை விடியக்காலை, பிராக்டீஸ லீவு விட்டுட்டு ஒம்போது பேரு எங்க வீட்டுத் திண்ணைல ஒரே போன வச்சுப் பாத்தோம், எங்கம்மா எல்லாருக்கும் கட்டங்காப்பி போட்டுக் குடுத்துட்டே இருந்தாங்க. அந்த சீரிஸோட மொத மேட்ச்சுலயே கரிக்கு ஹாம்ஸ்ட்ரிங், தொடைக்குப் பின்னாடி தசை, போயிருச்சு. வேற வழியில்லாம குமிங்காவ எறக்குனாங்க. ரெண்டாவது மேட்ச் 18, மூணாவது 30, நாலாவது 23, அஞ்சாவது 26. கூட்டிப் பாருங்க, நாலு மேட்ச்ல 97 பாயின்ட், அதுவும் மூணு வாரத்துக்கு முன்னால எறக்கவே மாட்டேன்னு விட்ட ஆளு. அதே மினசோட்டா குடுத்த பிக்ல வந்தவன் அதே மினசோட்டா மேல அடிச்சான்.

ஆனா வாரியர்ஸ் நாலும் தோத்துட்டாங்க. 4-1னு சீரிஸ் முடிஞ்சுது. அதனால ரெண்டு கட்சியும் அதே நாலு மேட்ச்சக் காட்டியே பேசறாங்க, ஒரு கட்சி "பந்தக் குடுத்தா என்ன பண்றான் பாத்தீங்களா"ங்குது, இன்னொரு கட்சி "அவன் முப்பது அடிச்சும் டீம் ஜெயிக்கலயே"ங்குது. நான் மொதக் கட்சிதான். கரி இல்லாம எந்த டீம் வாரியர்ஸா இருக்கும், அதுக்கு 22 வயசுப் பையன் என்ன பண்ணுவான்? ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன், அவன் நல்லா ஆடுனது கரி வெளிய இருக்கறப்பதான். கரி உள்ள வந்தா இவன் எங்க நிப்பான்ங்கற கேள்வி அப்படியேதான் இருக்கு.

வாரியர்ஸ் கோச் ஸ்டீவ் கெருக்கு அவனப் புடிக்கலயாங்ணா?

புடிக்கலன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல, அதனால சொல்ல மாட்டேன். கெர் மேல எனக்கு மரியாதை உண்டு, கோச்சா நாலு சாம்பியன்ஷிப் ஜெயிச்சவரு, ஆளா விளையாடி அஞ்சு. அவரோட ஆட்டம் வேற மாதிரி, பந்து ஒருத்தன் கையில நிக்கவே கூடாது, பாஸ் பண்ணிட்டு ஓடணும், ஸ்க்ரீன் வைக்கணும், திரும்ப ஓடணும். குமிங்கா பந்த வாங்கி, நிறுத்தி, எதுக்க நிக்கறவனப் பாத்து, அப்பறம் உள்ள போறவன். இது நெல்லுக்கும் தென்னைக்கும் ஒரே வாய்க்கால்ல தண்ணி விடற மாதிரி, ரெண்டுக்கும் தண்ணி வேணும்தான், ஆனா ஒண்ணுக்குத் தேங்கி நிக்கணும், ஒண்ணுக்குத் தேங்குனா ஆகாது.

வருத்தம் இன்னைக்கு நேத்து வந்ததும் இல்ல. 2024 ஜனவரில டென்வர் கூட மேட்ச், குமிங்கா 16 பாயின்ட் எடுத்து நல்லா ஆடிட்டிருந்தான், கடைசி 18 நிமிஷம் எறக்கவே இல்ல, பெரிய லீட விட்டுட்டு டென்வரோட யோக்கிச் தூரத்துல இருந்து போட்ட கடைசி ஷாட்ல தோத்தாங்க. அடுத்த நாளே, பையனுக்கு கோச் மேல நம்பிக்கை போயிருச்சுன்னு செய்தி வந்துச்சு. ரெண்டு பேரும் உக்காந்து பேசுனாங்க, அதுக்கப்பறம் நெறைய நிமிஷம் குடுத்தாரு, அவனும் வரிசையா மேட்ச் மேட்ச்சா இருபதுக்கு மேல அடிச்சான். பேசுனா சரியாகற விஷயம்னு அப்ப எல்லாரும் நெனச்சோம். ஒரு வருஷம் கழிச்சு திரும்ப அதே எடம்.

நான் கெர் எடத்துல இருந்தா பட்லரத்தான் எறக்கியிருப்பேன், இத ஒளிக்க வேண்டியதில்ல. எனக்கு வலிக்கறது அது இல்ல. அடுத்த வாரம் எறக்குவாங்களா மாட்டாங்களான்னு தெரியாமயே நாலு வருஷம் ஒருத்தன் இருக்கான், அதுதான்.

ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட்னா என்ன? ஃப்ரீன்னா போக வேண்டியதுதான?

பேர்லதான் ஃப்ரீ. மொத ரவுண்டுல எடுத்த பையனுக்கு நாலு வருஷ காண்ட்ராக்ட், சம்பளம் எல்லாம் மொதல்லயே எழுதி வச்ச அளவு. நாலு வருஷம் முடிஞ்சப்பறம் டீம் ஒரு வருஷத்துக்கு குவாலிஃபையிங் ஆஃபர்னு ஒண்ணு நீட்டும், குமிங்காவுக்கு அது 7.9 மில்லியன் டாலர். அத நீட்டிட்டா அவன் ரெஸ்ட்ரிக்டட். வேற டீம் "நான் இவ்ளோ தர்றேன்"னு எழுதிக் குடுத்தாலும், வாரியர்ஸ் "அதே காச நாங்களே தர்றோம்"னு சொல்லிட்டா அவன் எங்கயும் போக முடியாது.

இத நம்ம பாஷைல சொல்லணும்னா என்ஓசி, பழைய கிளப் 'போகலாம்'னு எழுதிக் குடுக்கற லெட்டர். எனக்கு 19 வயசு இருக்கறப்ப பார்டருக்கு அந்தப் பக்கம் ஒரு கிளப்புல சேத்துக்கிட்டாங்க. தினமும் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி பஸ்ல போவேன், ராத்திரி கடைசி பஸ்ல வருவேன். அந்த சீசன் பூரா நான் கோர்ட்ல நின்ன நேரத்தக் கூட்டுனா ஒரு முழு மேட்ச் தேறாது. சரி, பாலக்காட்டுலயே ஆடிக்கறேன், லெட்டர் குடுங்கன்னு கேட்டேன். குடுக்க மாட்டேன்னு யாரும் சொல்லல. இன்னைக்கு செக்ரட்டரி இல்ல, நாளைக்கு சீல் இல்ல, அடுத்த வாரம் கமிட்டி கூடட்டும். நாலு மாசம். லெட்டர் கைக்கு வந்தப்ப ஜில்லா டீம் செலக்ஷன் முடிஞ்சு மூணு நாள் ஆயிருந்துச்சு. கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி நீலக் கலர் சீல் அடிச்சு மடிச்சுக் குடுத்தாங்க, அந்தப் பேப்பர் இன்னும் எங்க வீட்டு பீரோல இருக்கு.

அதனாலதான் குமிங்கா விஷயம் எனக்கு வெறும் என்பிஏ நியூஸ் இல்ல. எறக்கவும் மாட்டாங்க, விடவும் மாட்டாங்கங்கறது எப்படி இருக்கும்னு நான் இருந்து பாத்திருக்கேன்.

அப்ப வாரியர்ஸ் வைக்கப்போர்ல படுத்த நாய் மாதிரிதான?

குரூப்புல ஒரு தம்பி எழுதுனது இது. தப்புடா தம்பி. தானும் திங்காது, மாட்டையும் திங்க விடாதுன்னா அவங்க காசும் குடுக்காம இருக்கணும். வாரியர்ஸ் காசு குடுக்கறேன்னுதான் சொல்றாங்க, அதுவும் சின்னக் காசு இல்ல. பிரச்சனை அந்தக் காசு கூட வர்ற கண்டிஷன்ல இருக்கு. அதுக்கு வர்றேன்.

வேற டீம் எதுவும் ஏன் ஆஃபர் குடுக்கல?

காசு இல்ல. நெசமாவே இல்ல. இந்த சம்மர்ல பெரிய ஆஃபர் எழுதற அளவுக்கு சேலரி கேப்ல, அதாவது ஒரு டீமோட மொத்த சம்பள வரம்புல, எடம் வச்சிருந்தது புரூக்ளின் மட்டும்தான், அவங்க இந்தப் பக்கம் வரல. இவன் மட்டும் மாட்டல, நாலு பேரு ஒண்ணா மாட்டுனாங்க. சிகாகோவுல ஜாஷ் கிடி செப்டம்பர் வரைக்கும் இழுத்து 4 வருஷம் 100 மில்லியனுக்கு முடிச்சுட்டான். புரூக்ளின்ல கேம் தாமஸ் வெறுத்துப்போயி குவாலிஃபையிங் ஆஃபரையே எடுத்துட்டான். பிலடெல்ஃபியாவுல குவென்டின் கிரைம்ஸும் இவனும்தான் மிச்சம்.

சேக்ரமென்டோ, பீனிக்ஸ் கேட்டாங்கன்னு வந்துச்சே?

கேட்டாங்கன்னுதான் செய்தி. ஆனா அவங்களுக்கும் கேப்ல எடம் இல்லாததால சைன் அண்ட் ட்ரேட்தான் வழி, அதாவது வாரியர்ஸ் கையெழுத்து வாங்கி அப்படியே அனுப்பி வைக்கணும், பதிலுக்கு ஆளோ பிக்கோ வாங்கிக்கணும். அதுல ஒரு சிக்கல் இருக்கு. இவன் சம்பளம் 7.6 மில்லியன்ல இருந்து ஒரேயடியா 20 தாண்டிப் போகுதுன்னா, வாரியர்ஸ் கணக்குல பாதி மட்டும்தான் வெளிய போனதா எடுத்துக்குவாங்க, வாங்கற டீம் கணக்குல முழுசும் உள்ள வரும். ஒரு பக்கம் பத்துன்னு எழுதி இன்னொரு பக்கம் இருபதுன்னு எழுதுனா எந்தக் கடைல கணக்கு டேலி ஆகும்? அது மட்டும் இல்ல, அப்படி வாங்கற டீம் மொத ஏப்ரன்னு சொல்ற சம்பள லிமிட்டத் தாண்டவே கூடாது. இவ்ளோ முடிச்சையும் அவுத்து, பதிலுக்கு வர்ற சரக்கும் வாரியர்ஸுக்குப் புடிக்கணும். இதுவரைக்கும் புடிக்கல.

வாரியர்ஸ் என்ன தர்றேங்கறாங்க, இவன் ஏன் வேண்டாங்கறான்? திமிரா?

திமிர் இல்ல. வெளிய வந்த செய்திப்படி 2 வருஷம் 45 மில்லியன் டாலர், ரெண்டாவது வருஷம் டீம் ஆப்ஷன். நம்ம காசுக்கு 400 கோடி பக்கம் வரும். கேட்டதும் எங்கம்மா "அந்தப் பையனுக்கு இன்னும் என்ன வேணுமாம்"னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான்.

ரெண்டாவது வருஷம் டீம் ஆப்ஷன்னா, வேணும்னா வச்சுக்குவாங்க, வேண்டான்னா விட்டுருவாங்க, முடிவு அவன் கையில இல்ல. அப்ப அது ஒரு வருஷ காண்ட்ராக்ட்தான். இன்னொண்ணு, சாதாரணமா இப்படி ஒரு வருஷம் பிளஸ் ஆப்ஷன்னு சொந்த டீம்லயே கையெழுத்துப் போட்டா அவன் சம்மதம் இல்லாம ட்ரேட் பண்ண முடியாதுன்னு ஒரு உரிமை வரும், அதையும் விட்டுக் குடுன்னு கேக்கறாங்கன்னு பேச்சு. அதாவது இருபது சொச்சம் மில்லியன் சம்பளம் போட்டு வச்சு, ஜனவரில வேற எங்கயாவது பெரிய ஆளு கெடைச்சா கணக்கு சரி பண்ண இவன உள்ள தள்ளி அனுப்பறது. சந்தைக்கு ஓட்டிட்டுப் போறதுக்குன்னே தீனி போட்டு வளக்கற கிடா மாதிரி ஆயிருது இல்லையா? அவன் அதத்தான் வேண்டாங்கறான். நீ என்னைய ஆட வைக்கறதுன்னா வச்சுக்க, இல்லன்னா வாழ விடுன்னு கேக்கறான். எனக்கு அதுல ஒரு தப்பும் தெரியல.

வாரியர்ஸ் பக்கமும் கொஞ்சம் யோசிங்க. கரிக்கு 37, பட்லருக்கு 36, டிரேமண்டுக்கு 35. அவங்களுக்கு இன்னும் ரெண்டே சீசன்தான் டைம். 25 வயசுல குமிங்கா என்னவா ஆவான்னு பாக்கற பொறுமை அந்த டீமுக்கு இப்ப இல்ல, இருக்கவும் முடியாது.

பேசாம அந்த 7.9 மில்லியன எடுத்துட்டு ஒரு வருஷம் ஓட்டிட்டுப் போயிறலாமே?

எடுக்கலாம், அக்டோபர் 1 வரைக்கும் டைம் இருக்கு. எடுத்தா ஒரு வருஷம் சம்பளம் 70 கோடி ரூபா, அவன் சரின்னு சொல்லாம எங்கயும் அனுப்ப முடியாது, 2026 சம்மர்ல முழு ஃப்ரீ, யாரும் தடுக்க முடியாது. 2014ல டெட்ராய்ட்ல கிரெக் மன்ரோ இப்படித்தான் எடுத்தான், அடுத்த வருஷம் மில்வாக்கில 3 வருஷம் 50 மில்லியன் வாங்குனான்.

இன்னொரு பக்கம் நெர்லன்ஸ் நோயல். 2017ல டல்லாஸ் 4 வருஷம் 70 மில்லியன் பேசுனதா செய்தி, வேண்டான்னுட்டு 4 மில்லியன் சொச்சத்துக்கு குவாலிஃபையிங் ஆஃபர எடுத்தான். அந்த சீசன்ல கட்டை விரல்ல ஆபரேஷன், ஆடவும் பெருசா விடல, அடுத்த வருஷம் மினிமம் சம்பளத்துக்குத்தான் எடம் கெடைச்சுது. ஒரு கட்டை விரல்டா. குமிங்காவுக்கு ஏற்கனவே ஒரு கணுக்கால் கத கெடக்கு. தவிர, ஒரு வருஷத்துல போயிருவான்னு தெரிஞ்ச பையனுக்கு எந்த கோச் கூடுதலா நிமிஷம் குடுப்பாரு? அவனுக்கு இப்ப வேண்டியதே அந்த நிமிஷம்தான்.

வேற டீமுக்குப் போனா பெரிய ஆளா வருவானா?

வரலாம். ஜெர்மைன் ஓநீல்னு ஒருத்தர், ஸ்கூல்ல இருந்து நேரா 1996ல போர்ட்லேண்டுக்குப் போனவரு, நாலு வருஷம் பெஞ்சு. அவருக்கு முன்னாடி அனுபவசாலிங்க நெறைய இருந்தாங்க, எடமே இல்ல. 2000ல இந்தியானாவுக்கு அனுப்புனாங்க, அங்க போயி ஆறு தடவை ஆல்ஸ்டார் ஆனாரு. சான்சி பில்லப்ஸ் 1997ல மூணாவது பிக், பாஸ்டன் அந்த சீசன் முடியறதுக்குள்ளயே அனுப்பிருச்சு, அஞ்சாறு வருஷம் ஊர் ஊரா சுத்திட்டு டெட்ராய்ட் போயி 2004 ஃபைனல்ஸ்ல எம்விபி.

எல்லாருக்கும் அப்படி அமையறதில்ல. இதே வாரியர்ஸ் 2020ல ரெண்டாவது பிக்ல எடுத்த ஜேம்ஸ் வைஸ்மன 2023 பிப்ரவரில டெட்ராய்ட்டுக்கு அனுப்புனாங்க, அங்க நெறைய நேரம் கெடைச்சும் பெருசா எதுவும் ஆகல. ஆனா குமிங்காவ வைஸ்மன் கூட சேக்காதீங்க, பிளேஆஃப்ல முப்பது அடிச்சுக் காட்டுனவன் இவன். ஃப்ரீ த்ரோ நூத்துக்கு 67 பக்கம்தான் விழுது, அதையும் த்ரீயையும் சரி பண்ணிட்டா இவனோட வெலையே வேற.

நம்ம ஊர் ஆளுங்க யாராச்சும் இப்படி மாட்டியிருக்காங்களா?

மாட்டற அளவுக்குப் போனவங்களே கொஞ்சம். பஞ்சாப் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங்க 2015ல டல்லாஸ் 52ஆவது பிக்ல எடுத்தாங்க, டிராஃப்ட்ல தேர்வான மொத இந்தியன். என்பிஏல ஒரு மேட்ச் கூட எறங்கல, டல்லாஸோட கீழ் லீக் டீம் டெக்சஸ் லெஜண்ட்ஸ்ல ரெண்டு வருஷம், அங்கயும் பெரும்பாலும் பெஞ்சுதான். நம்ம கேரளத்துல கோட்டயத்துக்காரி கீது அண்ணா ஜோஸ், 2011ல டபிள்யூஎன்பிஏ, அதாவது பொண்ணுங்க என்பிஏ, டீம் மூணுல ட்ரையல் குடுத்தாங்க, காண்ட்ராக்ட் கெடைக்கல, இந்தியாவுக்கு எத்தன வருஷம் ஆடுனாங்க. இங்க ப்ளேயருக்கு ட்ரேட்டும் இல்ல ஏஜென்ட்டும் இல்ல, ஐஓபி பேங்க்கோ கேரள மின்சார வாரியம் கேஎஸ்ஈபியோ ரயில்வேயோ ஸ்போர்ட்ஸ் கோட்டால ஒரு வேலை கெடைச்சா அதுதான் காண்ட்ராக்ட், ரிட்டயர்மென்ட் வரைக்கும். எறக்குனாலும் எறக்கலன்னாலும் ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துரும். அது ஒரு நிம்மதி, அதுலயே ஒரு தேக்கமும் உண்டு.

மாஷே, என்னையும் எறக்க மாட்டேங்கறீங்களே. பெஞ்சுல இருக்கறவன் என்ன பண்ணணும்?

இது பத்தாவது படிக்கற பையன் தனியா அனுப்புன மெசேஜ். அவன்கிட்டக் கேட்டுட்டுத்தான் போடறேன், ஏன்னா இந்தக் கேள்வி நெறையப் பேருக்கு இருக்கும்.

அந்த கிளப்புல நான் உக்காந்திருந்த பெஞ்சு இரும்புக் குழாய்ல பலகை போட்டது. மொத பத்து நிமிஷம் ஒடம்பு சூடா இருக்கும், கோச் இந்தப் பக்கம் திரும்புனாலே ஷூ லேஸ தொட்டுப் பாப்பேன். ரெண்டாவது குவார்ட்டர்ல வேர்வை காஞ்சுரும். மூணாவதுல முட்டி எறுகிப்போகும். கடைசி ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப, இருபது பாயின்ட் வித்தியாசத்துல, "டேய் போ"ன்னுவாரு. போனதும் மொத பந்து கையில நிக்காது, ரெண்டாவது ஷாட் ரிங்குலயே படாது. உடனே "இதுக்குத்தான் உன்னைய எறக்கறதில்ல"ன்னு பேரு. ஆட்டம் மறக்கல, ஆட்டத்தோட தாளம் போயிருச்சு. அது உக்காந்து உக்காந்து போறது.

அதனால நீ என்ன பண்ணுன்னா, பாதி டைம்ல எல்லாரும் தண்ணி குடிக்கப் போறப்ப நீ பந்த எடுத்துட்டு கோர்ட்டுக்குள்ள போ. குவார்ட்டருக்கு குவார்ட்டர் பெஞ்சுக்குப் பின்னாடி நின்னு முட்டிய மடக்கி நீட்டு. எதுத்த டீம்ல உன் எடத்துல ஆடறவன் எந்தக் கை பக்கம் போறான்னு பாத்துட்டே இரு. இது உன் வேலை.

என் வேலை ஒண்ணு இருக்கு, ஏன் உக்காந்திருக்கேன்னு உனக்குத் தெரியணும். உன்ன நான் எறக்காததுக்குக் காரணம் ரெண்டு. டிஃபென்ஸ்ல உன் ஆள விட்டுட்டுப் பந்தப் பாக்கறே, எடது கைல டிரிபிள் வரல. வேற ஒண்ணும் இல்ல. உன் ஷாட்டு நம்ம டீம்லயே நல்ல ஷாட்டு. எடது கை வந்ததும் நீயே வந்து சொல்லு, அன்னைக்கு மொத குவார்ட்டர்ல எறக்கறேன். எனக்கு யாரும் இப்படி சொல்லல, சொல்லியிருந்தா அந்த சீசன் எனக்கு வேற மாதிரி போயிருக்கும்.

கடைசில என்னதாங்ணா நடக்கும்?

என் கணிப்பு, கடைசி நாள் வரைக்கும் இழுத்துட்டு ஒரு சின்ன காண்ட்ராக்ட்ல வாரியர்ஸ்லயே கையெழுத்துப் போடுவான், சீசன் நடுவுல ட்ரேட் ஆவான். என் ஆசை அது இல்ல. இப்பவே, கேம்ப் தொடங்கறதுக்கு முன்னாடியே, மேட்சுக்கு 32 நிமிஷம் எறக்கற, தோத்தாலும் பரவால்லன்னு பொறுமையா இருக்கற டீமுக்குப் போகணும். சம்பளம் கொஞ்சம் கம்மியானாலும் சரி. அக்டோபர் 6 வந்தா 23 ஆகுது. இந்த வயசுல போற நிமிஷம் திரும்பி வராது, காசு அப்பறம் வரும்.

எப்பத் தெரியும்? மொத மேட்ச் எப்ப?

குவாலிஃபையிங் ஆஃபருக்குக் கடைசி நாள் அக்டோபர் 1, அதுக்குள்ள ஏதாவது ஒண்ணு ஆயிரும். வாரியர்ஸோட மொத மேட்ச் லேக்கர்ஸ் கூட, அங்க அக்டோபர் 21 ராத்திரி, நமக்கு 22ஆம் தேதி புதன்கிழமை காலை ஏழரை. தீபாவளி 20ஆம் தேதியே முடிஞ்சுரும், அதனால பொள்ளாச்சிக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போறவங்க செவ்வாக்கிழமை ராத்திரியே வந்துருங்க. பிராக்டீஸ் அன்னைக்கு அஞ்சரைக்குத் தொடங்கி ஏழேகாலுக்கு முடிச்சுக்கலாம், அப்பறம் எங்க வீட்டுத் திண்ணை. எடது கை டிரிபிள் மட்டும் யாரும் மறக்காதீங்க, அன்னைக்குக் காலைல பாப்பேன்.